பசிப்பாத்தியில் படுத்துறங்கிய வேர்கள்

அத்தியாயம் 6

"நான் மாத்தலை சார். மாத்தலைன்னா மாத்தலை. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்? எழுதித் தரவா, பாடிக் காட்டவா?"

"கத்தாதே லிகாயா. நீ கத்துறதால வேர் நீளாது."

"நீங்க கத்துறதாலயும் நீளாது சார்."

இந்த இடத்தில்தான் எமோங்கின் டிரைசிக்கிள் வேர் கழுவும் கொட்டகை வாசலில் வந்து நின்றது. வழக்கமாக இன்ஜினை ஓடவிட்டுத்தான் ஆள் இறக்குவான். இன்றைக்கு ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாதென்று அணைத்துவிட்டான். மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பக்கப்பெட்டியிலிருந்து மாக்ஸிமா தலுசான் இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது, மழைக்கால பூட்ஸ், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி.

சான் ருப்பெர்த்தோவில் மாக்ஸிமாவைத் தெரியாதவர்கள் இல்லை, பிடித்தவர்கள் குறைவு. இருபத்தாறு வருடம் பயிர்க் காப்பீட்டில் சேதம் பார்க்கும் வேலை. சாய்ந்து கிடக்கும் நெல்லைப் பார்த்தே, சாய்த்தது புயலா அல்லது நஷ்டஈடு கேட்டவரின் எருமையா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அதே கண்ணை ஊர்க்காரர்களின் மேல் திருப்பிவிட்டார். எமோங் அவருக்கு வண்டிக்காரன், உதவியாளன், கேட்காத நேரத்தில் கருத்துச் சொல்பவன். மூன்றாவது வேலையை மட்டும் முழுநேரமாகச் செய்தான்.

"யார் இவங்க? இங்க வெளியாள் வரக் கூடாது" என்றார் டாக்டர் வில்யமோர். நெல் ஆய்வு நிலையத்தின் வேர் விஞ்ஞானி. முப்பத்து நான்கு வயதுக்குள் மூன்று நாடுகளில் படித்தவர். மூன்றிலும் தணிந்து பேசச் சொல்லித் தரவில்லை.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் லிகாயா. "நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி உட்காருது. எனக்காகப் பேச ஒருத்தராவது வேணும்ல."

லிகாயா புனோ விதைக் கிடங்கின் காவல் தேவதை. ஒவ்வொரு விதைப் பொட்டலத்தையும் தானே தைத்து, தையலின் மேல் மையால் கையெழுத்துப் போடுவாள். தன் தாயாரிடம்கூடக் கையெழுத்து வாங்காமல் ஒரு நெல்மணி கொடுக்க மாட்டாள் என்று ஊரில் பேச்சு. ஒன்பது வருடமாக இப்படித்தான், தினக்கூலியில். நாளைய கமிட்டியில் அவளை நிரந்தரமாக்கும் தாள் வருவதாக இருந்தது. இப்போது அந்தத் தாளுக்குப் பதில் வேறொரு தாளை டாக்டர் எழுதி வைத்திருந்தார். அது மேசை மேல் கிடந்தது. அதன் மேல் ஈரம் படாமல் இருக்க ஒரு வாழைப்பழத்தை வைத்திருந்தார்.

மேசையில் இரண்டு எனாமல் பேசின்கள். ஒவ்வொன்றிலும் மண் கழுவிய மூன்று நெற்பயிர்கள்.

"அக்கா, விஷயம் புரியுதா?" என்றாள் லிகாயா.

"நீயே சொல்லு. அவர் சொன்னா எமோங்குக்குத் தூக்கம் வரும்."

லிகாயா சொன்னாள். எண் இருபத்தேழு என்ற நெல்லுக்குள் ஒரு மரபணு உட்கார்ந்திருக்கிறது. மண்ணில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இல்லையென்றால் அது வேருக்கு உத்தரவு போடும்: கிளம்பு, நீளு, கிளை விடு, எங்கே இருந்தாலும் தேடிக் கொண்டுவா. சாதாரண நெல்லுக்குள் உத்தரவு போட ஆளில்லை. பசித்தால் உட்கார்ந்து அழும், அவ்வளவுதான். இதை நேரில் பார்க்கத்தான் மேல்மலைச் செம்மண்ணில், மணிச்சத்து ஒரு சிட்டிகைகூடப் போடாமல் ஒரு பாத்தி. நிலையத்தில் அதற்குப் பசிப்பாத்தி என்று பெயர். ஒரு வரிசை இருபத்தேழு, ஒரு வரிசை சாதாரணம், மாற்றி மாற்றி. ஒரு வரிசைக்கு ஒரு பொட்டலம் விதை. இன்று அறுபதாம் நாள். தோண்டிப் பார்த்தார்கள்.

"இருபத்தேழோட வேர் அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி இருக்கணும்" என்று டாக்டர் குறுக்கே புகுந்தார். "பாருங்க. ரெண்டு பேசின்லயும் ஒரே அளவு. ராணுவத்துல சேர்ந்தவன் தலை மாதிரி. இதுக்கு ஒரே அர்த்தம். பொட்டலத்துக்குள்ள இருந்தது இருபத்தேழே இல்லை. நல்ல விதையை யாரோ எடுத்துக்கிட்டு, சாதா நெல்லை நிரப்பித் தைச்சிருக்காங்க. கிடங்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

"எனக்கு எதுக்கு சார் அந்த விதை? என் வீட்டு மொட்டை மாடியிலயா விதைப்பேன்?"

"விதைக் கம்பெனிக்காரங்க வாங்குவாங்க."

"அவங்க என் வீட்டுக்கு வந்தா காபிகூடக் குடிக்காம போக மாட்டாங்க. தெருவே பார்த்திருக்கும்."

இது நியாயமான வாதம் என்று எமோங்குக்குத் தோன்றியது. அந்தத் தெருவை அவனுக்குத் தெரியும்.

மாக்ஸிமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேசின் மேல் குனிந்தார்.

"இதை யார் தோண்டினது?"

"என் ஆட்கள்."

"பாத்தியில எந்த இடத்துல?"

"பாதையோரமா."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"பாதையில நின்னு மேற்பார்வை பார்த்தேன்."

"உள்ள இறங்கலை."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மழைக்காலம். அங்கே அட்டை ஜாஸ்தி."

"அட்டைங்களுக்குப் படிச்சவங்க ரத்தம்னா தனி மரியாதை" என்றான் எமோங். "எங்களைக் கடிச்சா பாதியில துப்பிட்டுப் போயிடுது."

மாக்ஸிமா அவனைக் கவனிக்கவில்லை. வலது பேசினிலிருந்து ஒரு பயிரைத் தூக்கினார். கரும்பச்சை இலை, ஒரே அடியிலிருந்து கிளைத்த ஏழெட்டுத் தூர், நிமிர்ந்த நிற்பு.

"இது சாதா நெல்லா?"

"ஆமா."

"அறுபது நாளா பட்டினி கிடந்தது?"

"ஆமா."

"பட்டினி கிடந்தவன் ஏன் டாக்டர் இவ்வளவு கொழுகொழுன்னு இருக்கான்?"

டாக்டர் இலையை விரலால் தடவிப் பார்த்தார். "இந்த வருஷம் நல்ல மழை."

"உங்க மலையில மழையோட சேர்ந்து மணிச்சத்தும் பெய்யுதா?"

மாக்ஸிமா பேசின் அடியில் தங்கிய வண்டலுக்குள் விரலை விட்டுத் துழாவினார். எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து எமோங்கிடம் நீட்டினார். அரிசி அளவுக்கு, கறுப்பாக, ஒரு பக்கம் சுருண்டு மறு பக்கம் உடைந்தது.

"நத்தை ஓடு" என்றான் எமோங். "ஏரி நத்தை."

"ஏரியில இருந்து இந்த மலை எவ்வளவு உயரம்?"

"என் வண்டி ரெண்டு இடத்துல நின்னு மூச்சு வாங்கும்."

"நத்தை எத்தனை இடத்துல நின்னிருக்கும்?"

"நம்ம ஊர் ரோடு வழியா வந்திருந்தா இந்நேரம் பாதிதான் ஏறியிருக்கும் அக்கா."

"இது ஏறி வரலை. தூக்கிட்டு வந்திருக்காங்க. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணோட வாய்க்குப் போயிருக்கு." மாக்ஸிமா ஓட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "டாக்டர், நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அந்தத் தாள் மேல இருந்து வாழைப்பழத்தை எடுக்காதீங்க."

லிகாயா வாசல் வரை வந்தாள். கையைப் பிசைந்தாள். "அக்கா, ஒன்பது வருஷம். திருடின்னு எழுதி அனுப்பினா இந்த மாகாணத்துல ஒரு கிடங்கும் என்னை உள்ள விடாது."

"நத்தைக்கு அது தெரியும்" என்றார் மாக்ஸிமா. "அதான் முன்னாடியே வந்து காத்திருக்கு."

வண்டி இறக்கத்தில் உருண்டது. எமோங் இரண்டு வளைவு வரை பொறுத்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"அக்கா, ஏரி நத்தையை அள்ளிப் போட்டு வளர்க்கிறது வாத்துக்காரங்க."

"ம்."

"இந்த மலை அடிவாரத்துல வாத்துக்காரர் ஒரே ஆள்தான். கானோ."

"ம்."

"கானோ யாருன்னு தெரியுமா? லிகாயாவோட தாய்மாமன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறோம்? அவ நம்ம கட்சி. இந்த நத்தையைப் பிடிச்சுக்கிட்டே போனா, அவ வீட்டு அடுப்படியில கொண்டு போய் விட்டுடும் போல இருக்கே."

"அவ நம்ம கட்சி எமோங். நத்தை எந்தக் கட்சியும் இல்லை. நீ ரோட்டைப் பாரு."

கானோவின் கொட்டில் ஏரிக்கரையில் இருந்தது. நானூறு வாத்துகள் ஒரே நேரத்தில் புகார் சொல்லிக்கொண்டிருந்தன. நடுவில் கானோ ஒரு வாளி நத்தையோடு நின்றார். வயது ஐம்பத்தாறு. திருமணம் ஆகாதவர், அந்தப் பேச்சை எடுத்தால் வாத்துகளைக் காட்டுவார்.

எமோங்குக்கு முதலில் எட்டியது வாசனை. வாத்து வாசனை இல்லை, அது எல்லோருக்கும் எட்டும். அதற்கு மேலே, தலைக்குத் தடவும் மல்லிகை பொமேடின் வாசனை. கானோவின் முடி வகிடெடுத்துப் படிந்து பளபளத்தது. சட்டை இஸ்திரி போட்டது. நடுப்பகலில், நானூறு வாத்துகளுக்காக.

"இன்னைக்கு யார் வாத்துக்குக் கல்யாணம் மாமா?" என்றான் எமோங்.

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இதான் வேலை."

மாக்ஸிமா கொட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் எச்சம் குவிக்கும் இடம். வேறு கொட்டிலாக இருந்தால் அங்கே ஒரு மலை இருக்கும். இங்கே பெருக்கித் துடைத்தது போல் தரை தெரிந்தது.

"எச்சமெல்லாம் எங்க போச்சு கானோ?"

"போச்சு. வர்றவங்க எடுத்துட்டுப் போறாங்க."

"யார் வர்றாங்க?"

"யார் யாரோ."

"அவங்களுக்குச் செருப்பு நீங்கதான் கடன் குடுக்கறீங்களோ?"

கானோ தன் செருப்பைப் பார்த்தார். மாக்ஸிமாவும் எமோங்கும் பார்த்தார்கள். ஏரிக்கரைச் சேறு கறுப்பு. செருப்பின் விளிம்பு முழுக்க ரத்தச் சிவப்பில் காய்ந்த செம்மண்.

"மலைக்கோவில் பூசைக்குப் போனேன்."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றான் எமோங். "பாதிரியாரே போக மாட்டார்."

கானோவின் காதுகள் சிவந்தன. எமோங் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். தாய்மாமன் மருமகளுக்காக மறைக்கிறார். மருமகள்தான் பாத்தியில் எச்சத்தைக் கொட்டச் சொல்லியிருக்கிறாள். விதையை விற்றுவிட்டு, பயிர் நோஞ்சானாய்ப் போனால் மாட்டிக்கொள்வோமென்று பயந்து... எல்லாம் பொருந்திவந்தது. பொருந்தியது அவனுக்குப் பிடிக்கவில்லை. லிகாயா அவன் வண்டியில் ஏறினால் சில்லறை சரியாகக் கொடுப்பாள்.

மாக்ஸிமாவின் பார்வை வாசல் ஓரம் போயிருந்தது. அங்கே ஒரு கட்டு விறகு. ஒரே நீளத்தில் வெட்டி, பச்சைக்கொடியால் இரண்டு இடத்தில் அழகாகக் கட்டியது.

"நீங்க கேஸ் அடுப்புலதானே சமைக்கறீங்க?"

கானோ வாளியைக் கீழே வைத்தார்.

"எச்சத்தைத் தூக்கிட்டுப் போனது நீங்கதான். யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. லிகாயாவோட வேலை அதுல தொங்குது."

"லிகாயாவா?" கானோவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப யாருக்கு?"

அவர் வாளியிலிருந்து ஒரு பிடி நத்தையை அள்ளி வாத்துகளுக்கு வீசினார். "சொல்ல முடியாது அக்கா. அவங்களே வாய் திறக்காதப்ப நான் சொன்னேன்னா, இனிமே என்னை வீட்டு வாசல்லகூட ஏற விட மாட்டாங்க."

திரும்பி வருகையில் எமோங் வண்டியை மெதுவாகவே ஓட்டினான்.

"அவங்களாமே" என்றான். "விட மாட்டாங்களாமே. மருமகளை யாராவது அவங்கன்னு சொல்வாங்களா?"

"சொல்ல மாட்டாங்க."

"பொமேடு. இஸ்திரி. விறகுக்கட்டு." எமோங் பிரேக்கை மிதித்தான். "அடப்பாவி மனுஷா. பணி செய்யப் போறார்."

இந்தப் பக்கத்தில் பழைய முறையில் ஒருவன் ஒரு பெண்ணைக் கேட்பது வாயால் இல்லை, முதுகால். அவள் வீட்டுக்கு விறகு பிளப்பான், தண்ணீர் சுமப்பான், கூரை ஒழுகினால் ஏறுவான். மாதக்கணக்கில் நடக்கும். அவளாகத் தலையசைக்கும்வரை அவன் பெயரை வெளியே விடக் கூடாது. விட்டால் எல்லாம் போச்சு. இளவட்டங்கள் இதையெல்லாம் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் செல்போனில் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு அந்த வசதி தெரியவில்லை.

"யாரு அக்கா அந்த அம்மா?"

"அது எனக்கு எதுக்கு?" என்றார் மாக்ஸிமா. இது பச்சைப் பொய். "பாத்திக்கு விடு. ஒரு சின்னக் கணக்கு பாக்கி."

பசிப்பாத்தி மலைக்கோவிலுக்குப் போகும் பாதையின் ஓரத்திலேயே இருந்தது. பாதையிலிருந்து சரிவாக ஏறி, நடுவில் ஒரு மேடு தட்டி, மறுபக்கம் ஓடையை நோக்கி இறங்கியது. அதை ஒட்டி இன்னொரு பாத்தி, எல்லா உரமும் போட்டு ஊட்டி வளர்த்தது. இரண்டின் முன்னாலும் வெள்ளைப் பலகை.

மாக்ஸிமா எமோங்கைப் பாதையில் நிறுத்தினார். "நீ ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன்னு வெச்சுக்கோ."

"கஷ்டம். வெச்சுக்கறேன்."

"நான் நாலாம் வரிசை ஓரமா நடக்கிறேன். என் முட்டி மறைஞ்சதும் சொல்லு. தலை மறைஞ்சதும் சொல்லு."

அவர் நடந்தார். மேடு வந்தது.

"முட்டி போச்சு." இன்னும் ஏழெட்டு எட்டு. "இடுப்பு போச்சு. அக்கா, தலை போச்சு. நீங்க இல்லாம உலகம் அமைதியா இருக்கு."

"வாயை மூடிட்டு மண்வெட்டியை எடுத்துட்டு வா."

மேட்டுக்கு இந்தப் பக்கம், பாதையில் நின்றால் தெரியும் இடத்தில், நாலாம் வரிசையில் ஒரு பயிரைத் தோண்டச் சொன்னார். வரிசைத் தலைப்பில் குச்சியில் தகரச் சீட்டு: எண் 27, ஒரு பொட்டலம். எமோங் தோண்டினான். பயிர் சுலபமாக வந்தது. ராணுவத்துக்காரன் தலை. மண்ணை உதறினால் இரண்டு நத்தை ஓடு விழுந்தது.

மேட்டைத் தாண்டி இறங்கினார்கள். எமோங் நின்றுவிட்டான். ஊர் மாறிப்போனது போல் இருந்தது. ஐந்தாம் வரிசை, சாதா நெல், இரண்டு தூரோடு குறுகி, பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போகும் பிள்ளை மாதிரி நின்றது. பக்கத்தில் அதே நாலாம் வரிசை, முழங்கால் உயரம், நாலைந்து தூர், பச்சை. அட்டைகள் காலைத் தேடி வந்தன.

"இங்க ஒண்ணு தோண்டு."

எமோங் மண்வெட்டியைப் போட்டான். வரவில்லை. ஆழமாகப் போட்டு நெம்பினான். பயிர் கொஞ்சம் அசைந்து, இன்னும் வரமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மலையில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்தது. ஓடைத் தண்ணீரில் அலசியபோது வேர்கள் அவன் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டித் தொங்கின. சன்னமாக, கிளை கிளையாக, நூற்றுக்கணக்கில்.

இரண்டு பயிரையும் மாக்ஸிமா பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"ஒரே வரிசை. ஒரே பொட்டலம். ஒரே நாள் விதைச்சது. லிகாயா விதையை மாத்தியிருந்தா, மேட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் மாத்தினாளா?"

எமோங்குக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் இருந்தது. "விதை நல்ல விதைதான். அந்தப் பக்கத்துல வேருக்கு வேலை இல்லை. சாப்பாடு வீடு தேடி வந்திருக்கு."

"ஆமா. உள்ள இருக்கிற மரபணு உத்தரவே போடலை. வயிறு நிறைஞ்சவனை யார் கடைக்கு அனுப்புவா?"

"ஆனா ஏன் பாதி வரைக்கும்? எச்சம் தீர்ந்து போச்சா?"

"பாதி வரைக்கும் இல்லை. நீ பூசைக்காரனா நின்னு என் தலை மறைஞ்சுதுன்னு சொன்னியே, அது வரைக்கும். அதுக்கு ஒரு எட்டு மேல இல்லை."

எமோங் மேட்டில் ஏறி நின்று பாதையைப் பார்த்தான். பிறகு பாத்தியின் முன்னாலிருக்கும் பலகை நினைவுக்கு வந்தது. அதைத் தினமும் கடந்து போகிறான், படித்ததில்லை. இறங்கி ஓடிப் போய்ப் படித்தான். ஊட்டிய பாத்தியின் பலகையில்: *டாக்டர் வில்யமோர்.* பசிப்பாத்தியின் பலகையில், அதே அளவு எழுத்தில்: *பராமரிப்பு: பாசிலியா தோலெந்தினோ.*

"ஐயோ பாவமே" என்றான்.

பாசிலியாவின் வீடு அடுத்த வளைவில். ஐம்பதைத் தாண்டிய விதவை, பாத்திக்குக் களை எடுக்கவும் பறவை விரட்டவும் நிலையம் அமர்த்தியவள். எமோங் போன் செய்து டாக்டரையும் லிகாயாவையும் வரவழைத்த நேரத்துக்குள், யாரும் கேட்காமலே ஒரு தட்டு அவித்த வாழைப்பழம் வெளியே வந்திருந்தது. வாசல் பக்கம் விறகு ஒரே நீளத்தில் அடுக்கியிருந்ததை எமோங் பார்த்தான். தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கருத்தை விழுங்கினான்.

"உரம் போடாதீங்கன்னு நூறு தடவை சொன்னேன்" என்றார் டாக்டர். மாக்ஸிமா அவரை மேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிக் காட்டிவிட்டுத்தான் கூட்டிவந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அட்டையினாலும் இருக்கலாம்.

"போடலையே சார்" என்றாள் பாசிலியா. "மூட்டையில வர்ற வெள்ளை உரத்தைத்தானே வேண்டாம்னீங்க. ஒரு பிடிகூடத் தொடலை. நான் போட்டது வாத்து."

டாக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் பாசிலியா?" என்றார் மாக்ஸிமா.

"ஏனா? நீ பூசைக்கு வந்திருந்தா தெரியும். விதைச்சு இருபது நாள்ல இவர் பேர் போட்ட வயல் பச்சைக்குப் பச்சை. பக்கத்துல என் பேர் போட்டது சொறிநாய் மாதிரி. ஞாயித்துக்கிழமை மொத்த சனமும் நின்னு படிச்சுட்டுப் போகுது. படிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க படிச்சுச் சொல்றாங்க. பாசிலியாவுக்குக் கை விளங்கலை, புருஷன் போனதோட வயலும் போச்சுங்கறாங்க. நான் கோவிலுக்குள்ள கடைசி பெஞ்சுல உட்கார ஆரம்பிச்சேன். நாப்பது வருஷமா ரெண்டாவது பெஞ்சு எனக்கு."

"நான் உங்க பேரைப் போட்டது மரியாதைக்காக" என்றார் டாக்டர், சின்னக் குரலில். "ரெண்டு பாத்தியில முக்கியமானது அதுதான். அதனாலதான் உங்களுக்குக் கொடுத்தேன்."

"அதைப் பலகையில எழுதியிருக்கலாமே சார்."

யாரும் வாழைப்பழத்தைத் தொடவில்லை.

"பாதையில இருந்து தெரியற வரைக்கும்தான் போட்டேன்" என்றாள் பாசிலியா. "மேட்டுக்கு அந்தப் பக்கம் நீங்க சொன்னபடியே விட்டுட்டேன். எனக்கும் நியாயம் தெரியும்." அப்புறம் லிகாயாவைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு ஏன் இப்படி நிக்குது? இவளுக்கு என்ன?"

லிகாயா சொன்னாள். சுருக்கமாக, கத்தாமல். திருடி என்ற வார்த்தை வந்தபோது பாசிலியாவின் கை மார்புக்குப் போனது.

"எனக்குத் தெரியாதும்மா. விதை மோசம்னு காலையில பேசிக்கிட்டாங்க. நானும் அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்." அவள் எழுந்து தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு நான் வந்து கமிட்டியில சொல்றேன்."

"வாத்து எச்சம் எங்க இருந்து வந்துதுன்னு கேப்பாங்க" என்றார் மாக்ஸிமா, மெதுவாக.

பாசிலியா நின்றாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. சான் ருப்பெர்த்தோவில் ஒரு விதவையைப் பற்றி ஒரு வாக்கியம் கிடைத்தால் மறுநாள் அது புத்தகமாகிவிடும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். லிகாயாவுக்கும் தெரியும்.

"வேண்டாம் அக்கா" என்றாள் லிகாயா பாசிலியாவிடம். "ரெண்டு பயிர் இருக்கு. அது போதும்."

"பயிர் பேசாது. நீ சும்மா இரு." பாசிலியா மூச்சை இழுத்தாள். "கேட்டா சொல்றேன். கானோ கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் கேட்டேன். எட்டு மூட்டை."

"இருபத்திரண்டு" என்றது ஒரு குரல்.

கானோ வேலிக்கு வெளியே நின்றார், தலையில் விறகுக்கட்டோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. பொமேடு வெயிலில் உருகி நெற்றிக்கு வந்திருந்தது.

"நான் எட்டுதானே கேட்டேன்?"

"நீங்க போதும்னு சொல்லலையே."

எமோங் கணக்குப் போட்டான். இருபத்திரண்டு மூட்டை, ஏரியிலிருந்து மேல்மலைக்கு, வண்டி போகாத குறுக்குவழியில். அவனுக்கு முதுகு வலித்தது.

டாக்டர் இதெல்லாம் காதில் விழாமல் இருந்தார். மடியில் இரண்டு பயிர்கள். குட்டை வேரைப் பார்த்தார், நீள வேரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு புன்னகை வேண்டாத விருந்தாளி போல் எட்டிப் பார்த்தது. "ஒரே வரிசை" என்று முணுமுணுத்தார். "ஒரே விதை. பசிச்ச இடத்துல நீண்டிருக்கு, நிறைஞ்ச இடத்துல சும்மா இருந்திருக்கு. இதை நானே திட்டம் போட்டிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா... இது அருமையான ஆதாரம். இதை வெச்சு நான்..."

"சார்" என்றாள் லிகாயா. "சந்தோஷம் அப்புறம். நாளைக்குப் பத்து மணிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"விதையில தப்பில்லைன்னு."

"யார் தப்பு?"

வில்யமோர் பாசிலியாவைப் பார்த்தார். கானோவைப் பார்த்தார். இருவரில் ஒருவரைக் காட்டிவிட்டால் வேலை சுலபமாக முடியும். அது அவர் மனதில் ஓடியதை எமோங் அந்த முகத்திலேயே படித்தான். மாக்ஸிமாவும் படித்திருப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பலகை எழுதி வெச்சவன் தப்பு" என்றார் டாக்டர் கடைசியில். "பயிரைப் பாதையோரமா மட்டும் பார்த்துட்டுத் தீர்ப்புச் சொன்னவனும் அவன்தான்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள் லிகாயா. "மையால."

மறுநாள் கமிட்டி பத்து மணிக்கு உட்கார்ந்து பத்தேகாலுக்கு, லிகாயாவை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தது. பாசிலியா உள்ளே போய்ச் சொன்னாள். கமிட்டியில் மூன்று பேர் மட்டுமே இருந்தும், பதினோரு மணிக்குச் சந்தையில் காய் விற்பவள்வரை தெரிந்திருந்தது. பாசிலியா அதைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிறன்று இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கானோ அதே பெஞ்சின் மறுகோடியில். ஜனவரியில் பெஞ்சின் இரண்டு கோடிகளும் நெருங்கின. அவர்கள் கல்யாண விருந்தில், ஊர் வழக்கப்படி, உள்ளே குஞ்சு உருவான வாத்து முட்டை, அவித்து, ஆளுக்கு இரண்டு. எமோங் ஐந்து தின்றான்.

டாக்டர் வில்யமோரின் கட்டுரை வெளிநாட்டில் வெளிவந்து பேர் வாங்கியது. அதன் பிறகு அவர் விதைக் கிடங்குக்குத் தினமும் ஏதாவது காரணம் கண்டுபிடித்து வந்தார், கையில் தேங்காய் ரொட்டிப் பொட்டலத்தோடு. ஊர் கல்யாணத் தேதிகூடக் குறித்துவிட்டது. லிகாயா ரொட்டியை வாங்கி மற்றவர்களோடு பகிர்ந்து சாப்பிட்டாள், நன்றி சொன்னாள். அடுத்த ஜூனில் புக்கிட்னோன் மலையில் புதிதாய்த் திறந்த நிலையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வருடம் கழித்து அங்கே டிராக்டர் பழுது பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

அழைப்பிதழ் மாக்ஸிமாவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் பெரிது என்று போட்டோவைப் பார்த்த சான் ருப்பெர்த்தோ ஒருமனதாகத் தீர்மானித்தது. எமோங்குக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கல்யாண அழைப்பில் யாரும் போடாத ஒரு வரியை, மணமகள் பெயருக்குக் கீழே, அவள் அச்சகத்தாரோடு சண்டை போட்டே போட வைத்திருக்க வேண்டும்: *விதைக் கிடங்குப் பொறுப்பாளர், நிரந்தரப் பணி.*